சிடியில எழுதறதுக்கு முன்னாடி இமேஜை ஒரு தடவை திறந்து பாருங்க

"இந்தக் காலத்துல சிடியா?"ன்னு சிரிக்காதீங்க. தாத்தா பாட்டியோட குரல் பதிவு, பழைய கல்யாண ஃபோட்டோ எல்லாத்தையும் சிடியில போட்டு வைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. பிரச்சினை எங்கன்னா, எழுதி முடிச்ச கையோட "அதான் சிடியில இருக்கே"ன்னு லேப்டாப்ல இருக்கறதை அழிச்சிடறாங்க. சிடி-ஆர்ல எழுதினது எழுதினதுதான். தப்பா எழுதினா டீ டம்ளருக்கு அடியில வைக்கத்தான் ஆகும்.

அதனால முதல்ல ஒரு ஐஎஸ்ஓ இமேஜ் செய்யுங்க. டிஸ்க்ல செக்டர் செக்டரா என்ன எழுதணுமோ, அது அப்படியே வரிசையா ஒரே ஃபைல்ல இருக்கும். டிரைவ் சொந்தமா எதையும் யோசிக்காது, அதை அப்படியே எழுதும். ஆக, தப்பு இருந்தா காசு செலவில்லாம இங்கேயே பிடிச்சிடலாம்.

அளவு விஷயம் சுலபம். 80 நிமிஷ சிடியில 3,60,000 செக்டர், ஒவ்வொண்ணும் 2048 பைட். மொத்தம் 73,72,80,000 பைட். இமேஜ் அதுக்குள்ள இருக்கணும், அவ்வளவுதான்.

நம்மள மாட்டிவிடறது ஃபைல் பேர். அடிப்படை ஐஎஸ்ஓ 9660-ல பேருக்கு 8 எழுத்து, எக்ஸ்டென்ஷனுக்கு 3 எழுத்து, அதுவும் இங்கிலீஷ் கேப்பிட்டல், எண், அடிக்கோடு மட்டும்தான். தமிழ்ல பேர் வெச்சா ஜோலியட் ஆப்ஷனை ஆன் பண்ணியே ஆகணும். அதுலயும் வரம்பு 64 கேரக்டர். "தாத்தா" நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து, யூனிகோடுக்கு ஆறு. நீளமா பேர் வெச்சா வால் வெட்டுப்படலாம். இன்னொரு சிக்கல்: லினக்ஸ்ல ராக் ரிட்ஜ் பேர் தெரியும், அதனால எல்லாம் சரியா இருக்கற மாதிரியே இருக்கும். விண்டோஸ் ராக் ரிட்ஜைக் கண்டுக்காது, ஜோலியட்டைத்தான் பார்க்கும். சிடியை வாங்கப்போறவங்க எதுல திறப்பாங்களோ, அதுல சோதிங்க.

சோதிக்கறது எப்படி? விண்டோஸ் 8-லிருந்து ஐஎஸ்ஓவை டபுள் கிளிக் பண்ணினாலே டிரைவ் மாதிரி மவுண்ட் ஆகும். லினக்ஸ்ல லூப் மவுண்ட். ஃபோல்டர்ல பேர் தெரியுதுன்னு திருப்திப்பட்டுடாதீங்க, ரெண்டு மூணு ஃபைலைக் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாருங்க. இதைவிட நல்ல வழி, இமேஜ் செய்யறதுக்கு முன்னாடியே எல்லா ஃபைலுக்கும் ஷா-256 செக்சம் எடுத்து, அந்தப் பட்டியலையும் உள்ளேயே போட்டுடறது. மவுண்ட் பண்ணி ஒப்பிடலாம்; பத்து வருஷம் கழிச்சு உங்க தங்கச்சி பையன்கூட ஒப்பிட்டுப் பார்க்கலாம். பூட் ஆகற சிடின்னா விர்ச்சுவல்பாக்ஸ்ல இமேஜை மாட்டி, பூட் ஆகுதான்னு பாருங்க.

எழுதின பிறகு சிடியைத் திரும்பப் படிச்சு அதே பட்டியலோட ஒப்பிடுங்க. முடிஞ்சா வேற ஒரு டிரைவ்ல. முழு டிஸ்க்குக்கும் ஒரே செக்சம் எடுத்தா இமேஜோட ஒத்துப்போகாம போகலாம், பதறாதீங்க. எழுதற முறையைப் பொறுத்துக் கடைசியில சில உபரி செக்டர் சேரும். இமேஜோட பைட் அளவை 2048-ஆல வகுத்து, அத்தனை செக்டர் மட்டும் படிச்சா போதும். அப்பவும் ஒத்துப்போகலன்னா வேற சிடியில வேகத்தைக் குறைச்சு எழுதிப் பாருங்க. அதுவரைக்கும் லேப்டாப்ல இருக்கற ஒரிஜினல் மேல கை வைக்காதீங்க.