பத்திரிகைக்காரர் வாழ்ந்த வீடு



நம்ம கருவடிக்குப்பத்துக் குயில் தோப்பு எல்லாருக்கும் தெரியும். பாரதியார் இங்கே வந்து கவிதை எழுதினார் என்று சின்ன வயசிலேயே கேட்டிருக்கோம். ஆனா அவர் புதுச்சேரிக்கு வந்ததற்குக் காரணம் ஒரு பத்திரிகை. அது எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன் பெயர் 'இந்தியா'. 1906-ல் சென்னையில் தொடங்கிய வார இதழ். தமிழில் அரசியல் கேலிச்சித்திரம் போட்ட முதல் பத்திரிகை இதுதான். 1908-ல், பதிவில் ஆசிரியர் என்று பெயர் இருந்த சீனிவாசனை ஆங்கிலேய அரசு கைது செய்தது. உண்மையில் ஆசிரியர் வேலை பார்த்தவர் பாரதியார். அடுத்து அவரைப் பிடிப்பார்கள் என்று நண்பர்கள் இங்கே அனுப்பினார்கள். புதுச்சேரி அப்போ பிரெஞ்சுக்காரர் ஊர். ஆங்கிலேயப் போலீஸ் இங்கே கைது செய்ய முடியாது. அச்சு இயந்திரமும் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது. அந்த அக்டோபரிலேயே 'இந்தியா' மறுபடி வெளிவந்தது.

ஆனா வாசகர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம்தானே அதிகம்! பத்திரிகை தன் பகுதிக்குள் வரக்கூடாது என்று ஆங்கிலேய அரசு தடை போட்டது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோச்சு. பாரதியார் மட்டும் 1918 வரை இங்கேயே இருந்தார்.

அவர் வாழ்ந்த வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கு. இப்போது அது அரசு நினைவு இல்லம். புதுச்சேரித் தமிழர் தெருக்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. அதனால்தான் நடுவில் முற்றம் வைத்தார்கள். வெளிச்சமும் காற்றும் அது வழியா வரும், சூடு மேலே போயிடும். தளத்துக்குத் தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல், சுண்ணாம்பு. மழைநீர் இறங்கினால் உத்திரம் உளுத்துப்போகும். பாரதியார் வீடும் இப்படிப் பழுதாகி, பிறகுதான் புதுப்பித்தார்கள். விட்டிருந்தால் அந்த இடத்தில் இன்னொரு கடைதான் வந்திருக்கும்.

எங்க ஆயா வீட்டிலும் திண்ணை, முற்றம் உண்டு. அதை இடிச்சுட்டு மாடி கட்டலாம்னு பேசறாங்க. போன வருஷம் கேட்டிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். இப்போ, ஒழுகுற இடத்தை மட்டும் சரி பண்ணலாமேன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். அவர் இன்னும் பதில் சொல்லலை.

டவுனுக்குப் போனால் அந்த வீட்டையும் ஒருமுறை பார்த்துட்டு வாங்க. முற்றத்தில் நின்று மேலே பாருங்க, வானம் தெரியும்.



– 9-ஆம் வகுப்பு மாணவி