மின்சாரம் வரும் வழி

மனிதனுக்கு ஏவல் செய்யும் இயற்கை ஆற்றல்களுள் மின்னாற்றல் தலைசிறந்ததாகும். அஃது இருளில் ஒளி தருகின்றது. கிணற்று நீரை வயலுக்கு இறைக்கின்றது. ஆலைகளில் எந்திரங்களைச் சுழற்றுகின்றது. சுவரிலுள்ள விசையை அழுத்திய நொடியிலேயே விளக்கு எரிவதால், மின்சாரம் அச்சுவரிலேயே குடியிருப்பதாகச் சிறுவர் எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. அவ்வாற்றல் மேட்டூரில் வீழும் நீரினாலோ, நெய்வேலியில் எரியும் பழுப்பு நிலக்கரியினாலோ, ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றினாலோ பிறந்து, நெடுந்தொலைவு கடந்து இல்லத்தை அடைகின்றது. அது வரும் வழியை அறிதல் அறிவுக்கு விருந்தாவதோடு, உயிர்க்குக் காப்பாகவும் அமையும்.

ஆற்றுநீர் வயலை அடையும் முறையை உழவர் நன்கறிவர். அணையிலிருந்து பெருங்கால்வாயும், அதிலிருந்து கிளை வாய்க்கால்களும், அவற்றிலிருந்து வயல்தோறும் செல்லும் சிறு வாய்க்கால்களும் பிரிகின்றன. மின்சாரத்தின் வழியும் ஏறக்குறைய அத்தகையதே. மின் நிலையத்திலிருந்து ஊர்ப்புறம் வரை ஆற்றலைக் கொண்டு சேர்த்தலை மின் செலுத்தம் என்பர். அங்கிருந்து தெருவுக்கும் வீட்டுக்கும் ஆலைக்கும் பிரித்து வழங்குதலை மின் பகிர்மானம் என்பர். ஆயினும், நீருக்கும் மின்சாரத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. நீரை ஏரியில் தேக்கலாம். கம்பியில் ஓடும் மின்சாரத்தை அவ்வாறு தேக்குதல் இயலாது. மின்கலங்களில் ஒரு சிறு பகுதியைச் சேமிக்கலாமே அன்றி, ஏனையதெல்லாம் பிறந்த நொடியிலேயே பயன்பட்டாக வேண்டும்.

அமெரிக்க அறிஞர் எடிசன், 1882-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், நியூயார்க்கு நகரின் பெர்ல் தெருவில் மின் நிலையம் ஒன்றை நிறுவினார். அங்கிருந்து 110 வோல்ட்டு அழுத்தமுள்ள நேர்மின்னோட்டம் அண்மையிலிருந்த கட்டடங்களுக்கு வழங்கப்பட்டது. ஆனால், சிறிது தொலைவுக்கு அப்பால் அதனை ஆதாயமாக அனுப்ப இயலவில்லை. செல்லும் வழியிலேயே கம்பிகள் சூடேறி, ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகக் கழிந்தது.

இவ்விழப்பின் காரணத்தைச் சிறிய கணக்கால் விளக்கலாம். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது மின்திறன் ஆகும். 1,10,000 வாட்டுத் திறனை 1,100 வோல்ட்டு அழுத்தத்தில் அனுப்பினால், கம்பியில் 100 ஆம்பியர் ஓடும். 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியர் ஓடினால் போதும். கம்பியில் ஏற்படும் இழப்போ மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கியதற்குச் சமம். கம்பியின் தடை 2 ஓம் எனக் கொள்க. முதல் முறையில் இழப்பு 20,000 வாட்டு. இரண்டாம் முறையில் வெறும் 200 வாட்டு. அழுத்தம் பத்து மடங்கு உயர, இழப்பு நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றது! ஆகவே, தொலைவு கடக்க உயர் அழுத்தமே ஏற்றது. ஆனால், அவ்வுயர் அழுத்தத்தை வீட்டுக்குள் விடுதல் கொல்லும் புலியை வீட்டில் வளர்ப்பதாகும். வழியில் உயர்வும் வாயிலில் தாழ்வும் வேண்டுமெனின், இடையே அழுத்தத்தை மாற்றும் கருவி ஒன்று தேவை.

அக்கருவியே மின்மாற்றி. காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் எழும் என்பதைப் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். மின்மாற்றியில் இரும்புத் தகடுகளின் அடுக்கின்மீது இரண்டு சுருள்கள் சுற்றப்பட்டிருக்கும். திசை மாறி மாறி ஓடும் மாறுமின்னோட்டத்தை ஒரு சுருளில் செலுத்தினால், மற்றொன்றிலும் மின்சாரம் எழும். இரண்டாம் சுருளில் சுற்றுகள் மிகுந்தால் அழுத்தம் உயரும், குறைந்தால் தாழும். 1891-ஆம் ஆண்டில் செருமனி நாட்டிலுள்ள லாப்பன் என்னும் ஊரிலிருந்து, 175 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பிராங்பர்ட்டு நகரப் பொருட்காட்சிக்கு இம்முறையில் மின்சாரம் அனுப்பப்பட்டது. அதன்பின் மலைகளிடையே வீழும் அருவிகளும் நகரங்களுக்குப் பணி செய்யலாயின. நீலகிரியிலுள்ள பைக்காரா மின் நிலையம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. கோவை வட்டாரத்து நூற்பாலைகள் பெருகுவதற்கு அம்மின்சாரம் பெருந்துணையாயிற்று.

இன்று பெரிய நிலையங்களில் பிறக்கும் மின்சாரம், அங்கேயே 1,10,000, 2,30,000, 4,00,000 வோல்ட்டு என்னும் அளவுகளுக்கு உயர்த்தப்படுகின்றது. வானளாவிய எஃகுக் கோபுரங்களில், பீங்கான் முதலியவற்றாலாகிய காப்புத் தட்டுகளிலிருந்து தொங்கும் கம்பிகள் அதனைச் சுமந்து செல்கின்றன. ஊர்ப்புறத்திலுள்ள துணை மின் நிலையத்தில் அழுத்தம் படிப்படியாகத் தாழ்த்தப்படும். அங்கிருந்து பெரும்பாலும் 11,000 வோல்ட்டுக் கம்பிகள் தெருக்களை நோக்கிப் பிரியும். தெருமுனையில் கம்பங்களின்மேல் அமைந்த மின்மாற்றி, அதனை 400 வோல்ட்டாக்கி மூன்று முனைக்கம்பிகளிலும் ஒரு நடுக்கம்பியிலும் விடும். முனைக்கம்பிகளுள் எவையேனும் இரண்டுக்கு இடையே 400 வோல்ட்டும், ஒரு முனைக்கம்பிக்கும் நடுக்கம்பிக்கும் இடையே 230 வோல்ட்டும் இருக்கும். நீரிறைக்கும் பெரிய எந்திரங்கள் மூன்று முனைகளையும் கொள்ளும். வீட்டு விளக்குக்கு ஒன்றே போதும்.

ஓர் ஊருக்கு ஒரே சாலை இருப்பின், அது வெள்ளத்தால் அறுந்ததும் போக்குவரவு நின்றுவிடும். இரு புறமும் சாலையுண்டாயின் மற்றொரு வழியாகச் செல்லலாம். மின்வழியும் அவ்வாறே. ஒற்றை வழியாகச் செல்லும் அமைப்புக்குச் செலவு குறைவு. பழுது நேரின் அதற்கப்பாலுள்ள வீடுகளெல்லாம் இருளில் மூழ்கும். வளையமாக அமைந்த வழியில், பழுதுற்ற பகுதியை நீக்கிவிட்டு மறுபுறமிருந்து மின்சாரம் வழங்கலாம்.

மின்சாரத்தைப் பெரிதும் தேக்க இயலாமையின், ஆக்கமும் செலவும் எப்பொழுதும் சமமாக நிற்றல் வேண்டும். இந்திய மின்சாரம் நொடிக்கு 50 முறை சுற்று முடிக்கின்றது. செலவு மிகுந்தால் மின்னாக்கிகள் தளர்ந்து அவ்வெண் குறையும். செலவு குறைந்தால் எண் ஏறும். 2012-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30, 31-ஆம் நாள்களில் இச்சமநிலை குலைந்தது. பளு தாங்காது ஒரு பெருவழி அறுபட, அதன் சுமை ஏனைய வழிகளின்மேல் ஏறி, அவையும் ஒன்றன்பின் ஒன்றாய் அறுபட்டன. இரண்டாம் நாளில் வட இந்தியா, கிழக்கு இந்தியா, வடகிழக்கு இந்தியா ஆகிய பகுதிகளில், 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு மின்சாரத்தை இழந்தது. தொடர்வண்டிகள் வழியிலே நின்றன. சுரங்கத் தொழிலாளர் சிலர் மேலே வர இயலாது மணிக்கணக்கில் காத்திருந்தனர். ஓரிடத்துச் சுமை மற்றோரிடத்தை வீழ்த்தும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய கேட்டைத் தடுக்கவே வழிநெடுகக் காவலர்கள் அமைக்கப்பட்டுள்ளனர். அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால், பியூஸ் என வழங்கும் உருகு கம்பி தானே உருகி அறுந்து வீட்டைக் காக்கும். பெரிய வழிகளில் அப்பணியைச் சுற்று முறிப்பான் செய்யும். கருவிகளின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், நில இணைப்பு அதனை மண்ணுக்குள் கொண்டு செல்லும். உருகு கம்பி அடிக்கடி அறுகின்றதே எனச் சலித்து, அவ்விடத்தில் தடித்த கம்பியைச் சுற்றிவைப்போர், காவலனை உறங்கச் செய்து கள்வனுக்குக் கதவு திறப்பவராவர்.

மேலும் ஓர் உண்மையை யாவரும் உள்ளத்திற் பதித்தல் வேண்டும். மின்மாற்றி இருவழியும் செயல்படுவது. 11,000 வோல்ட்டை வீட்டுக்கேற்பத் தாழ்த்தும் அதே கருவி, வீட்டுப் பக்கமிருந்து மின்சாரம் நுழைந்தால் அதனைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடும். மழைநாளில் மின்சாரம் தடைப்பட, ஒருவர் தம் இல்லத்து மின்னாக்கியை முறையான மாற்றுவிசையின்றி வீட்டுக் கம்பியோடு இணைத்துவிட்டால், அம்மின்சாரம் தெருக்கம்பி வழியே மின்மாற்றியை அடையும். அப்பொழுது கம்பத்தின்மேல் ஏறி, அறுந்த கம்பியை இணைக்கும் பணியாளரின் நிலை என்னாகும்? இறந்ததெனக் கருதிய கம்பி உயிர்பெற்று அவருயிரைக் கவர்ந்துவிடும். இவ்விடர் கருதியே, பழுது பார்ப்போர் மின்சாரத்தை நிறுத்துவதோடு அமையாது, கம்பிகளை நிலத்தோடு இணைத்தபின் பணி செய்ய வேண்டும் என்பது விதியாயிற்று.

அறுந்து வீழ்ந்த கம்பியை அணுகாது மின்துறையினர்க்கு அறிவித்தல், கம்பத்தின் இழுகம்பியில் மாட்டைக் கட்டாதிருத்தல், வயல்வேலியில் மின்சாரம் பாய்ச்சாதிருத்தல், தேவையற்றபோது விளக்கை அணைத்தல் ஆகியவை சிறு செயல்களாகத் தோன்றலாம். ஆனால், மலையிலுள்ள நிலையமும் மாட வீடும் ஏழையின் குடிசையும் ஒரே கம்பியாற் பிணைக்கப்பட்டுள்ளன. அப்பிணைப்பை உணர்ந்து நடப்போர் தமக்கேயன்றி, தாம் கண்டறியாத பிறருக்கும் ஒளியும் காப்பும் தருபவராவர்.