கணிப்பு தப்பினால் யார் காசு?

2024 ஜூன் 3, திங்கட்கிழமை சாயங்காலம். பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் டீ குடிக்க நின்றபோது எங்கள் தெரு அண்ணன் ஒருவர் பிடித்துக்கொண்டார். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, நிஃப்டி 25,000 போயிரும்னு எல்லாரும் சொல்றாய்ங்களே, பி.எஃப். பணத்த இப்பப் போட்டுறலாமா?" என்று கேட்டார். மாடி எடுப்பதற்காக அவர் வைத்திருந்த பணம் அது. ஒரு வருஷத்துக்குள் வேலையை ஆரம்பிக்க வேண்டும். "நாளைக்கு ரிசல்ட் வந்துரட்டும்ணே" என்றேன். அதில் ஞானம் ஒன்றும் இல்லை, என் டீ ஆறிக்கொண்டிருந்தது.

அவர் கேட்டதில் தப்பில்லை. ஜூன் 1 சனிக்கிழமை வந்த எக்ஸிட் போல்கள் பா.ஜ.க. கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்றன. திங்களன்று நிஃப்டி 3.25% ஏறி 23,263.90-இல் முடிந்தது. செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கையில் பா.ஜ.க.வுக்கு 240, கூட்டணிக்கு 293. நிஃப்டி 5.93% விழுந்து 21,884.50. சென்செக்ஸ் ஒரே நாளில் 4,389 புள்ளிகள் இறங்கியது. புதன்கிழமை நிஃப்டி மறுபடி 22,620. வெள்ளிக்கிழமை 23,290, அதாவது திங்கட்கிழமை இருந்த இடத்துக்கும் மேலே.

அந்த வாரம் சொல்லப்பட்ட காரணங்களைத் திரும்பிப் பாருங்கள். திங்கட்கிழமை "நிலையான ஆட்சி வருகிறது". செவ்வாய்க்கிழமை "பெரும்பான்மை இல்லை, நிச்சயமின்மை". வெள்ளிக்கிழமை "கூட்டணியானாலும் ஆட்சி நிலையானதுதான்". செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவே ஓர் எம்.பி. சீட்கூட மாறவில்லை. வெள்ளியன்று ரிசர்வ் வங்கி தன் வளர்ச்சி மதிப்பீட்டை 7 சதவீதத்திலிருந்து 7.2 ஆக்கியது உண்மைதான். ஆனால் மூன்று நாளில் 1,400 புள்ளி ஏறுவதற்கு அது போதுமான காரணமா என்று யாரும் நின்று கேட்கவில்லை. விலை முதலில் நகர்கிறது, காரணம் பின்னாடி தேடிப் பிடிக்கப்படுகிறது. காலை 9:15 முதல் மதியம் 3:30 வரை எதையாவது பேசித்தான் ஆக வேண்டிய தொழிலில் "ஏன் ஏறிச்சுன்னு தெரியல" என்று சொல்ல இடமே கிடையாது.

தெரியாமல் போவது பேசுகிறவர் குற்றம் மட்டும் இல்லை. 2024 ஜனவரி 17 என்ற நாளை எடுத்துக்கொள்வோம். முந்தின நாள் எச்.டி.எஃப்.சி. வங்கியின் காலாண்டு முடிவு வந்திருந்தது. மறுநாள் அந்தப் பங்கு 8 சதவீதம் விழுந்தது, பேங்க் நிஃப்டியும் கூடவே விழுந்தது. எல்லாருக்கும் காரணம் கையில் இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, 2025 ஜூலை 3-இல், செபி ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க வர்த்தக நிறுவனத்தின் மேல் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. அதே ஜனவரி 17 காலையில் அந்த நிறுவனம் சுமார் 4,370 கோடி ரூபாய்க்கு வங்கிப் பங்குகளையும் ஃபியூச்சர்களையும் வாங்கி இண்டெக்ஸைத் தாங்கிப் பிடித்தது, அதே நேரம் ஆப்ஷனில் அதைவிடப் பல மடங்கு பெரிய தொகைக்கு இறக்கத்தின் பக்கம் நின்றது, பிறகு வாங்கியதை விற்றது, அன்றைக்கு ஆப்ஷனில் மட்டும் சுமார் 735 கோடி லாபம் என்பது செபியின் குற்றச்சாட்டு. நிறுவனம் இதை மறுக்கிறது, சட்டப்படி எதிர்த்தும் வருகிறது. யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். அன்று காலையில் சார்ட்டைப் பார்த்து "இங்க சப்போர்ட் எடுக்குது" என்று சொன்ன எவராலும் இப்படி ஒரு ஆள் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று பார்த்திருக்கவே முடியாது.

ஆப்ஷனில் நஷ்டப்பட்டவர் எத்தனை பேர் என்பதற்கு மட்டும் கணக்கு உண்டு. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் வெறும் 1%. எனக்கு உறுத்திய கணக்கு வேறு. 2023-24-இல் இப்படி வியாபாரம் செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் என்று அறிவித்தவர்கள். 70 சதவீதத்துக்கு மேல் பெரிய 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். அதாவது மும்பை தலால் ஸ்ட்ரீட் ஆட்கள் இல்லை, நம்ம தெரு ஆட்கள். எதிர்ப்பக்கம் அதே வருஷம் புரோக்கர்களின் சொந்தக் கணக்கு வியாபாரமும் வெளிநாட்டு நிறுவனங்களும் சேர்ந்து, செலவு கழிக்காமல், சுமார் 61,000 கோடி லாபம் பார்த்தன. அதில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் தானாகச் செய்த வியாபாரம்.

அப்படியானால் இவ்வளவு தைரியமாக டார்கெட் சொல்கிறவர்களுக்கு எங்கிருந்து வருமானம்? சிலருக்கு வியாபாரத்திலேயே வரலாம். பலருக்கு வகுப்புக் கட்டணம், விளம்பரம், "இந்த லிங்க்ல டீமேட் கணக்கு தொடங்குங்க" என்பதற்கான கமிஷன். கணிப்பு தப்பினாலும் இந்த மூன்றும் வந்துகொண்டிருக்கும். நமக்கு அப்படி இல்லை.

தமிழில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் சென்னையைச் சேர்ந்த ஆப்ஷன் வியாபாரி பி.ஆர்.சுந்தர். பதிவு இல்லாமல் கட்டணத்துக்கு முதலீட்டு ஆலோசனை வழங்கினார் என்ற புகாரை, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், 2023 மே மாதம் செபியுடன் சமரசம் செய்துகொண்டார். வட்டியோடு சேர்த்து சுமார் 6 கோடி ரூபாயைத் திருப்பிக் கட்டவும், ஒரு வருஷம் பங்கு வர்த்தகத்திலிருந்து ஒதுங்கி இருக்கவும் சம்மதித்தார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் சொன்ன கணிப்புகள் பலித்தனவா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. பதிவு இருந்ததா என்பதுதான் கேள்வி. நிறையப் பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பதிவு இரண்டு வகை. ஐஎன்எச் என்று தொடங்கும் எண் ஆய்வாளருக்கு உரியது. அவர் ஒரு பங்கை வாங்கலாமா விற்கலாமா என்று பொதுவாகச் சொல்லலாம். ஐஎன்ஏ என்று தொடங்கினால் அவர் ஆலோசகர். உங்கள் வயது, வருமானம், கடன், எவ்வளவு நஷ்டம் தாங்குவீர்கள் என்பதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் அவர் வாய் திறக்க வேண்டும். இரண்டுமே லாபத்துக்கு உத்தரவாதம் இல்லை. தப்பு நடந்தால் புகார் கொடுக்க ஒரு முகவரி இருக்கிறது, அவ்வளவுதான். "நான் ஆலோசனை சொல்லல, கத்துத்தான் குடுக்கறேன்" என்பவர்களுக்கும் 2025 ஜனவரியில் செபி ஒரு கோடு போட்டது. பாடம் நடத்துகிறவர் கடைசி மூன்று மாத விலைகளை உதாரணமாகக் காட்டக்கூடாது என்று அப்போது சொன்னது. பாடம்தான் என்றால் பழைய விலை போதுமே!

அதற்காக வீடியோ பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நானே பார்க்கிறேன். ரிசர்வ் வங்கி வட்டியை மாற்றினால் வீட்டுக்கடன் தவணை என்ன ஆகும், ஒரு கம்பெனியின் லாபம் ஏன் குறைந்தது, வரி விதி எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் தமிழில் தெளிவாக விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாளைய நிஃப்டி எண் வரும்போது மட்டும் காதை மூடிக்கொள்கிறேன். ஒருவர் "ஏறும்" என்றால் எந்தத் தேதிக்குள் என்று சொல்கிறாரா என்று பார்க்கிறேன். தேதி சொல்லாத கணிப்பு என்றைக்காவது பலித்துவிடும்.

தேதி நம் பக்கமும் இருக்கிறது, அதுதான் முக்கியம். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 13% விழுந்து 7,610-க்கு வந்தது. அதே வருஷம் டிசம்பர் 31-இல் 13,981. ஏப்ரலில் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியவர் 7,610-லேயே விற்றிருப்பார், வேறு வழி இல்லை. பத்து வருஷத்துக்கு அந்தப் பணம் வேண்டாதவருக்கு அது ஒரு கெட்ட திங்கட்கிழமை, அவ்வளவே. 2024 செப்டம்பர் கடைசியில் 26,000-ஐத் தாண்டிய நிஃப்டி, அமெரிக்க வரி அறிவிப்புக்குப் பிறகு 2025 ஏப்ரல் 7-இல் 22,161-க்கு வந்தபோதும் இதே கதைதான். "விற்றுவிடு", "பிடித்துக்கொள்" என்ற இரண்டு ஆலோசனையுமே யாருக்கோ சரி. உங்கள் பணம் எந்த மாதம் தேவை என்பது அந்த வீடியோவில் பேசுகிறவருக்குத் தெரியாது. பழங்காநத்தத்து அண்ணன் மாடி எடுக்கப்போகிறார் என்பதும் தெரியாது.

அண்ணன் அந்தப் பணத்தை ஒரு வருஷ டெபாசிட்டில் போட்டார். மாடியும் எழும்பிவிட்டது, பூச்சு வேலை மட்டும் பாக்கி. வீடியோ பார்ப்பதை விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எண் கேட்கிறார். கொஞ்ச நாள் முன்னால் ஒரு வாட்ஸப் குழுவில் அவரைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். "தம்பி, இதுல ஐஎன்எச் நம்பர் போட்டிருக்காய்ங்க, அப்ப சரிதான?" என்று போனை நீட்டினார். செபி தளத்தில் போட்டுப் பார்த்தோம். எண் உண்மையானதுதான். ஆனால் வேறொரு ஊரில் இருக்கும் ஒரு நிறுவனத்துடையது. அங்கே பதிவாகியிருந்த தொலைபேசி எண்ணுக்கும் குழுவை நடத்துகிறவரின் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "அடுத்தவன் நம்பரக்கூடவா திருடுவாய்ங்க?" என்று கேட்டபடி குழுவிலிருந்து வெளியேறினார்.