இன்ஜினுக்கும் வாட்டர் வாஷா? யோசித்துச் சொல்லுங்கள்

‘அப்படியே இன்ஜினையும் அடிச்சிடட்டுமா சார்?’ வாட்டர் வாஷுக்கு வண்டியை விடும்போது வரும் கேள்வி இது. பலர் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். பானெட்டுக்குள் தூசி படிந்திருப்பதால் இன்ஜினின் ஓட்டம் குறைந்துவிடாது. ஆயில் எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும், எலி சேர்த்த குப்பையை எடுக்க வேண்டும் என்றால் சுத்தம் செய்யலாம். பளபளப்புக்காக மட்டும் என்றால் ஈரத்துணி போதும்.

மழையிலேயே ஓடும் வண்டிதானே என்பார்கள். மழைத்தண்ணீர் தானாக விழுவது. பிரஷர் கன்னிலிருந்து பாய்வது 100 பார் அழுத்தத்தையும் தொடும். கார் டயருக்குள் இருப்பதே இரண்டு பார் சொச்சம்தான். ஒயர் கனெக்டர்களில் உள்ள ரப்பர் சீல் தெறிக்கும் நீரைத் தடுக்கத்தான் வைத்தது. கிட்டத்தில் பிடித்து அடித்தால் தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போய்விடும். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் குழியில் தண்ணீர் தேங்கினால் மிஸ்ஃபயர் ஆகும், ‘செக் இன்ஜின்’ விளக்கு எரியும். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஈசியூ மூன்றுமே இதில் மாட்டக்கூடியவை. இவற்றைவிட மோசம், அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் போவது. கனெக்டர் பின்னில் பச்சை பூத்து, பல வாரம் கழித்து வண்டி மக்கர் செய்யும். அதற்குள் வாட்டர் வாஷ் எல்லோருக்கும் மறந்திருக்கும்.

சில இடங்களில் பிசுக்குப் போக டீசலோ மண்ணெண்ணெயோ அடிக்கிறார்கள். ரப்பர் ஹோஸ் ஊதிப்போகும், சூடான இன்ஜினில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர்களில் உயர் மின்னழுத்தம் ஓடுகிறது. அங்கே கன்னுக்கு வேலையே இல்லை.

கழுவியே ஆக வேண்டுமென்றால் இன்ஜின் ஆறட்டும். மின்பாகங்களையும் ஏர் ஃபில்டரின் வாயையும் பாலித்தீன் கவரால் மூடி, டிகிரீசர் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, அழுத்தம் இல்லாத தண்ணீரால் அலசி, ஏர் கன்னால் ஈரத்தை ஊதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், டீயைப் பிறகு குடிக்கலாம். கழுவியபின் வண்டி உதறினால் ஓட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். இன்ஜினை அணைத்து, இக்னிஷன் காயிலைக் கழற்றிக் காயவைத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஏர் ஃபில்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் சாவியைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடலாம்.

‘சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற போர்டைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. அஜாக்கிரதையால் வந்த சேதம் சேவைக் குறைபாடு. போர்டு மாட்டியதாலேயே அந்தப் பொறுப்பு கழன்றுவிடாது. பில்லையும் கேட்டு வாங்குங்கள். அதைத் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. வண்டியை விடும்போது இன்ஜின் ஓடுகிற நிலையில் டாஷ்போர்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழுதானால் வேறொரு மெக்கானிக்கிடம் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கடைக்காரர் இறங்கி வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.