மூன்று எண்களில் ஓர் எதிரொலி

பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது மர்பி டவுன். ஒரு காலத்தில் நாக்ஸ்பேட்டை என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஞாயிறு ஆராதனைக்கு கிட்டார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் இங்கே இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல்லவியில் ஒலி பெரிய மண்டபத்தில் கேட்பதுபோல் விரிய வேண்டும். சரணத்தில் மெல்லிய எதிரொலி போதும். இடையிசையில் கிட்டார் கொஞ்சம் உறுமினால் நன்றாக இருக்கும். இரண்டு கைகளும் தந்திகளில் இருக்கும்போது ஒலியை இப்படி மாற்றித் தரும் எஃபெக்ட்ஸ் பிராசஸரின் குமிழ்களை யார் திருப்புவது?

கால்தான். தரையில் கிடக்கும் பெடல் பலகைக்கும் பிராசஸருக்கும் இடையே பேசப்படும் மொழியின் பெயர் மிடி.

கிட்டாரின் ஒலி தனி வயரில் போகிறது. ஐந்து முனைகள் கொண்ட மிடி வயரில் ஓடுபவை வெறும் எண்கள். முதல் சேனலில் ரிவெர்பை, அதாவது மண்டபத்தில் கேட்பது போன்ற ஒலி விரிவை, உயர்த்த வேண்டுமென்றால் 176, 91, 100 என்ற மூன்று எண்கள் போதும். 176 யாருக்கு, எந்த வகைச் செய்தி என்று சொல்கிறது. 91 ரிவெர்புக்கு வழக்கமாக ஒதுக்கப்பட்ட எண். 100 அதன் அளவு. சேனல்கள் மொத்தம் 16 என்பதால் ஒரே வயரில் பல கருவிகளுக்குத் தனித்தனியாக ஆணையிடலாம். சேமித்து வைத்த ஓர் ஒலி அமைப்பை அப்படியே வரவழைக்க இரண்டே எண்கள் போதும்.

வேகம்? மிடி நொடிக்கு 31,250 பிட்டுகளை அனுப்புகிறது. ஓர் எண்ணுக்கு 10 பிட்டுகள் என்பதால் மேலே சொன்ன மூன்றும் போய்ச்சேர ஒரு மில்லி நொடிகூட ஆகாது. அந்த நேரத்தில் காற்றில் ஒலி ஏறத்தாழ ஓர் அடி தூரம்தான் நகரும். பத்தடி தள்ளி வைத்த ஸ்பீக்கரின் ஒலி வாசிப்பவர் காதை எட்டுவதற்கு இதைப்போல் ஒன்பது மடங்கு நேரம் பிடிக்கும்.

எர்த் சரியில்லாத மேடைகளுக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. மிடி உள்வாயிலில் ஒரு சிறு ஒளி உமிழியும் அதைப் பார்க்கும் ஒளி உணரியும் இருக்கின்றன. செய்தி அந்த இடைவெளியை ஒளியாகக் கடக்கிறது. ஒரு கருவியின் மின்சாரம் அடுத்த கருவிக்குள் நேராகப் போவதில்லை. அதனால் இந்த வயர் வழியாக 'ம்ம்ம்' என்ற இரைச்சல் நுழைய இடமில்லை.

1980-களின் தொடக்கம் வரை ஒரு நிறுவனத்தின் சிந்தசைசருக்கு மற்றொரு நிறுவனத்தின் சிந்தசைசரோடு பேசத் தெரியாது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியும் பொதுமொழி ஒன்றுக்காக முயன்றார்கள். அதுதான் மிடி. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், ஸ்மித்தின் நிறுவனம் செய்த புராபெட் 600 சிந்தசைசரும் ரோலண்டின் ஜூபிட்டர் 6-ம் ஒரே வயரில் இணைந்து ஒலித்தன. போட்டி நிறுவனங்கள் இந்த மொழியை உரிமத்தொகை இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டன. இருவருக்கும் 2013-ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

அந்த அலை தமிழ்த் திரையிசைக்கு விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1986-ல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா, சுரங்களை வரிசைப்படுத்திக் கருவிகளை வாசிக்கவைக்கும் கணினி சீக்வென்சரைக் கையாண்டார். அதே ஆண்டுகளில் எஃபெக்ட்ஸ் கருவிகளும் மிடியைக் கற்றுக்கொண்டன. லெக்சிகன் பிசிஎம் 70 என்ற கருவியில், எதிரொலியின் தன்மைகளைப் பாட்டு ஓடும்போதே மிடியால் மாற்ற முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. சாதாரண மிடி ஆணையின் அளவு 0 முதல் 127 வரைதான். பெடலை மெதுவாக அழுத்தி ஒலியின் நிறத்தை மாற்றும்போது, சரிவாகக் கேட்க வேண்டியது படிக்கட்டாகக் கேட்கலாம். ஜிப் இழுப்பது போன்ற சத்தமும் வரலாம். நல்ல பிராசஸர்கள் இரண்டு படிகளுக்கு இடையிலான மதிப்புகளைத் தாமே கணக்கிட்டு நிரப்பிவிடுகின்றன. 2020-ல் வந்த மிடி 2.0 இந்தப் படிகளை ஏறத்தாழ 429 கோடியாக்கியது. பழைய மிடிக் கருவிகளையும் அது கைவிடவில்லை.

மர்பி டவுன் இளைஞருக்குப் பெரிதும் கைகொடுப்பது மிடி கடிகாரம். ஒரு தாள அடிக்கு 24 துடிப்புகளை டிரம் மெஷின் அனுப்பிக்கொண்டே இருக்கும். எதிரொலியை உண்டாக்கும் டிலே கருவி அவற்றை எண்ணிக்கொண்டே வரும். நிமிடத்துக்கு 100 அடி என்ற வேகத்தில், முக்கால் அடி தள்ளி விழும் எதிரொலிக்கு 450 மில்லி நொடி. கடைசிச் சரணத்தில் வேகம் 120-க்கு ஏறினால் அது தானாகவே 375-க்கு இறங்கி, தாளத்தோடு சேர்ந்து விழும். அப்போது அவருடைய கால் பெடலைத் தொடவே வேண்டியதில்லை.