இழப்பும் இளையோரும்

அருப்புக்கோட்டைக்கு அண்மையில் உள்ள பாலவனத்தம் தமிழுலகம் நன்கறிந்த ஊர். 1901-ஆம் ஆண்டு மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவிய வள்ளல் பாண்டித்துரைத் தேவர் இவ்வூரின் குறுநிலத் தலைவராய் விளங்கியவர். 1867-இல் பிறந்த அவர், அறியாச் சிறு பருவத்திலேயே தம் தந்தையார் பொன்னுசாமித் தேவரை இழந்தார். தந்தையாரோ புலவர்களைப் போற்றியவர். ஆறுமுக நாவலர் பழைய நூல்களை அச்சிடுதற்குத் துணை நின்றவர். அத்தகையவரின் முகத்தை அக்குழந்தை நினைவில் வைத்திருத்தல் அரிது. ஆயினும், பெரியோர் சிலர் காப்பாளராயும் ஆசிரியராயும் அமைந்தனர். அழகர் ராசு என்னும் புலவர் தமிழ் கற்பித்தார். தந்தை விரும்பிய தமிழே மைந்தருக்கும் உயிராயிற்று. மிக இளமையில் பெற்றோரை இழந்த பிள்ளைக்கு, இறந்தவரைப் பற்றி இருப்பவரே சொல்லுதல் வேண்டும். அவர் குரல் எப்படி, நடை எப்படி, எதற்குச் சிரிப்பார் என்பனவெல்லாம் பிள்ளைக்குச் சேரவேண்டிய சொத்தேயாகும்.

அருப்புக்கோட்டைக்கு அப்பால், அதே வானம் பார்த்த பூமியில், சுந்தரர் பாடல் பெற்ற திருச்சுழி உள்ளது. அங்கே வழக்குரைத்து வாழ்ந்த சுந்தரம் ஐயர் 1892-இல் காலமானார். இரண்டாம் மைந்தர் வேங்கடராமனுக்கு அப்போது வயது 12. இரமண மகரிசி எனப் பின்னாளில் உலகம் போற்றியவர் இவரே. மற்றையோர் அழுதிருக்க, இச்சிறுவர் மரணம் என்பது யாது எனத் திகைத்து நெடுநேரம் சிந்தித்திருந்தார் என்றும், இதனைப் பிற்காலத்தில் அவரே கூறினார் என்றும் எழுதி வைத்துள்ளனர்.

அழாத பிள்ளையைக் கண்டு நம்மவர் மயங்குவது உண்டு. கல்நெஞ்சன் என்பார் சிலர். விவரம் அறியா வயது என்பார் வேறு சிலர். இரண்டும் பொருந்தா. பெரியோர் துயரம் கண்மாய்நீர் போலத் தேங்கி நிற்கும். சிறுவர் துயரம் கோடை மழை போல வந்து வந்து போகும். காலையில் கோலி விளையாடிய சிறுவன், இரவில் தந்தையின் மேல்துண்டை முகத்தில் போர்த்திக்கொண்டு விம்முவான். விளையாடியதும் மெய், விம்மியதும் மெய்.

சிறுவர்க்கு மறைத்துப் பேசுதல் நம் வீடுகளில் பெருவழக்கு. "அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்", "பாட்டி தூங்குகிறாள்" என்பார்கள். அன்பினால் சொல்லும் சொற்களே இவை. ஆனால் தீங்கு செய்வன. ஊருக்குப் போனவர் திரும்புவார் என்று குழந்தை வாயிலில் காத்திருக்கும். உறங்கியவர் எழவில்லை எனக் கண்ட குழந்தை தான் உறங்க அஞ்சும். ஐந்து வயதிற்கு உட்பட்டோர்க்கு இறப்பு மீளாதது என்பது எளிதில் விளங்காது, ஆதலால், "இறந்துவிட்டார், இனி வரமாட்டார்" என்று மடியில் இருத்திக்கொண்டு பலமுறை சொல்லவேண்டும். சற்று வளர்ந்தோர், "நான் கோபித்துப் பேசினேனே, அதனால்தான் இறந்தாரோ?" என உள்ளத்தில் மறுகுவர். அவர்கள் கேளாவிடினும் அன்று என்று நாமே கூறுதல் நன்று.

ஒப்பாரி நம் நாட்டு மகளிர் கண்ட நல்ல மருந்து. துயரைச் சொல்லாக்கி, பலர் கூடிப் பாடி, பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழி அது. ஆனால், அக்கூட்டத்தின் நடுவே குழந்தை ஒரு மூலையில் பசியோடு நிற்பதை எவரும் காண்பதில்லை. இழவு வீட்டிற்கு அண்டை அயலார் சோறு கொண்டுவரும் வழக்கம் உண்டல்லவா? அச்சோற்றை முதலில் குழந்தைக்கு ஊட்டுதற்கென ஒருவர் இருத்தல் வேண்டும். கொள்ளிக்குடம் சுமக்கும் சிறுவனுக்கோ, நிகழப்போவதை முன்னரே கூறி அருகில் நிற்றல் வேண்டும். "இனி நீதான் இவ்வீட்டுக்குத் தலைவன்" என்று மூத்த பிள்ளையிடம் கூறுவதை நான் ஒருபோதும் ஒப்பேன். பதினான்கு வயதுத் தோள் அச்சுமைக்கு உரியதன்று.

உடன்பிறந்தாரைப் பிரிப்பது மற்றொரு துன்பம். திருச்சுழிக் குடும்பத்தில் தந்தை மறைந்தபின் மூத்த மைந்தர் இருவரும் மதுரையில் சிற்றப்பர் ஒருவர் வீட்டுக்குச் சென்றனர். இளைய பிள்ளைகளும் அன்னை அழகம்மையும் மானாமதுரையில் மற்றொரு சிற்றப்பரை அடைந்தனர். ஆதரித்த அவ்விருவரும் நன்றிக்குரியோர். வறுமை வேறு வழி காட்டாதபோது எவரைக் குறை கூறுவது? ஆயினும் தந்தையோடு அண்ணனையும் தங்கையையும் ஒருங்கே இழந்ததாகவே பிள்ளை உணரும். அன்னை 1916-இல்தான் திருவண்ணாமலை சென்று மைந்தரோடு தங்கினார். இளைய தம்பியும் பின்னர் அங்கே சேர்ந்தார்.

பாரி இறந்தபின் அவன் மகளிர் இருவரையும் கபிலர் ஒன்றாகவே அழைத்துச் சென்றார். ஒருத்தியை ஓரிடத்தும் மற்றொருத்தியை வேறிடத்தும் விட அவர் எண்ணவில்லை. விச்சிக்கோனும் இருங்கோவேளும் மறுத்தபோதும் அவர்களைக் கைவிட்டாரல்லர். தந்தை இருந்த நாளையும் இல்லாத நாளையும் நிலவைக் கொண்டு எண்ணிப் பார்த்த அம்மகளிரின் பாடல் புறநானூற்றில் இன்றும் உள்ளது. துயருற்ற இளையோர்க்குப் பேச இடங்கொடுத்தால் அவர்கள் எத்துணைத் தெளிவாகப் பேசுவர் என்பதற்கு அதுவே சான்று.

இறந்தவர் உடன்பிறந்தாராயின், எஞ்சிய பிள்ளையின் நிலை மேலும் இரங்கத்தக்கது. வருவோர் எல்லாம் பெற்றோரையே தேற்றுவர். "அம்மாவை அழவிடாமல் பார்த்துக்கொள்" என்று அப்பிள்ளைக்கு ஆணையும் இடுவர். தம்பியை இழந்தவள் அவளும்தானே! பல திங்கள் கழிந்தும் உணவும் உறக்கமும் பாடமும் கூடவில்லையெனில் மருத்துவரை நாடல் வேண்டும். நடுவண் அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்னும் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மாணவர்களே, கருமாதி முடிந்து உங்கள் தோழன் வகுப்புக்குத் திரும்பும் நாள் வரும். மொட்டையடித்த தலையைப் பலரும் பார்ப்பர், யாரும் பேசார். நீங்கள் அவன் அருகில் அமருங்கள். விடுபட்ட பாடங்களை எழுதிய குறிப்பேட்டைக் கொடுங்கள். அவன் தந்தையை நீங்கள் அறிந்திருந்தால், "உன் அப்பா ஒருநாள் எங்களுக்கு நுங்கு வெட்டிக் கொடுத்தாரே" என்று அவரைப் பற்றியே பேசுங்கள். அவன் அழுதால் அழட்டும். மணி அடிக்கும்வரை உடன் இருங்கள்.