பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

2015-இல் கணினிக்காக வெளிவந்த இரண்டு விளையாட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' பெட்டிக்குள் 7 டிவிடிகள் இருந்தன. செப்டம்பரில் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 5' பெட்டிக்குள் ஒரே ஒரு டிஸ்க். அதைக் கணினியில் போட்டவர்களுக்குக் கிடைத்தது ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் சுமார் 8 எம்.பி. அளவுள்ள இன்ஸ்டாலர் மட்டும்தான். விளையாட்டு அதில் இல்லவே இல்லை, முழுவதையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருந்தது. கடையில் அடுக்கி வைத்தால் இரண்டு பெட்டிகளுக்கும் வித்தியாசம் தெரியாது.

"டிஸ்க்கா வாங்கட்டுமா மாமா, டவுன்லோடு பண்ணட்டுமா?" என்று அக்கா மகன் கேட்டபோது எனக்கு இந்தப் பெட்டிகள்தான் நினைவுக்கு வந்தன. "நெட் வயரைப் பிடுங்கிட்டு, பத்து வருஷம் கழிச்சு வேற ஒரு கம்ப்யூட்டர்ல போட்டா இது ஓடுமாடா?" என்று திருப்பிக் கேட்டேன். ஓடும் என்றால் அந்த விளையாட்டு அவனுடையது, அது எந்த வடிவத்தில் வந்திருந்தாலும் சரி. ஓடாது என்றால், அலமாரியில் எவ்வளவு அழகான பெட்டி இருந்தாலும் அவன் காசு கொடுத்தது யாரோ தருகிற அனுமதிக்குத்தான்.

கணினி விளையாட்டுகளில் இந்த அனுமதி கேட்கும் பழக்கம் பரவலானதற்கு ஒரு முக்கியத் தேதி 2004 நவம்பர். அந்த மாதம் வந்த 'ஹாஃப் லைஃப் 2' விளையாட்டைக் கடையில் டிஸ்க்காக வாங்கியவர்களாலும், வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் தளத்தில் கணக்குத் தொடங்கி, அங்கே பதிவு செய்த பிறகே விளையாட முடிந்தது. அதன்பின் இதுவே வழக்கமாகிவிட்டது. நான் மேலே சொன்ன 7 டிவிடிகளுக்கும்கூட, நிறுவிய பிறகு இணையத்தில் ஒருமுறை அனுமதி வாங்கியாக வேண்டும். ஆக, கணினியைப் பொறுத்தவரை டிஸ்க் என்பது பெரும்பாலும் சரக்கு வந்து சேர்ந்த வழிதான். உரிமையை அது தீர்மானிப்பதில்லை.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதை 'தி க்ரூ' காட்டியது. யுபிசாஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்ட கார் பந்தய விளையாட்டு அது. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போகலாம். பலர் போட்டிக்காக இல்லாமல், இரவு நேரத்தில் தனியாகச் சும்மா ஓட்டுவதற்கே அதை வைத்திருந்தார்கள். ஆனால் தனியாக ஓட்டினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பு இருந்தே ஆக வேண்டும். 2024 மார்ச் 31 அன்று அந்த சர்வர்கள் நிறுத்தப்பட்டன. டவுன்லோடு வாங்கியவர், டிஸ்க் வாங்கியவர் என்ற பேதமே இல்லாமல் எல்லோருக்கும் ஆட்டம் முடிந்தது. அடுத்து வந்த நாட்களில் பலருடைய யுபிசாஃப்ட் கணக்கிலிருந்து அதற்கான உரிமமும் எடுக்கப்பட்டது.

இது என்னை உண்மையிலேயே கோபப்படுத்துகிறது. ஒரு புத்தகத்தைப் பதிப்பகம் மறுபதிப்புப் போடாமல் விடலாம். என் வீட்டுக்கு வந்து அலமாரியில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு போக அதற்கு உரிமை இல்லை. விளையாட்டும் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்குகிற படைப்புதான். ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் இதே ஆதங்கத்தில் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரை என்றென்றைக்கும் நடத்தச் சொல்லி அவர் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர் கையில் விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்காக நடந்த கையெழுத்து இயக்கம் 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டியது.

சரி, பழைய காலத்து டிஸ்க் என்றால் பயமில்லையே என்று தோன்றும். முழு விளையாட்டும் அதிலேயே இருக்கும், இணையமே தேவையில்லை. ஆனால் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பல டிஸ்க்குகளில் 'சேஃப்டிஸ்க்' போன்ற பூட்டுகள் இருந்தன. நகல் எடுப்பதைத் தடுப்பதற்காக விண்டோஸின் அடித்தளம் வரை இறங்கி வேலை செய்த மென்பொருள் அது. பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. அந்த முடிவில் தவறு காண முடியாது. ஆனாலும், காசு கொடுத்து வாங்கி, கீறல் படாமல் பாதுகாத்த டிஸ்க் புதிய கணினியில் திறக்காது என்றாகிவிட்டது. அதே விளையாட்டின் பூட்டு நீக்கிய பிரதியை இணையத்தில் வாங்கினால் ஓடும்.

அப்படிப் பூட்டு நீக்கி விற்கிற கடைகளில் பெயர் பெற்றது ஜி.ஓ.ஜி. இதன் பின்னணி நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். பர்மா பஜாரில் திருட்டு சிடி வாங்கிய தலைமுறை நாம், போலந்திலும் 1990-களில் அதே கதைதான். அங்கே சிடி ப்ராஜெக்ட் என்ற நிறுவனம் 1999-இல் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டைப் போலிஷ் மொழியில் கொண்டுவந்தது. சந்தையில் மலிவான திருட்டு சிடி கிடைக்கும்போது அசலை யார் வாங்குவார்கள்? பெட்டிக்குள் வரைபடம், விதிப்புத்தகம், இசை சிடி என்று நிறைய வைத்து, அசலை வாங்கினால் அதிகம் கிடைக்கும் என்று ஆக்கினார்கள். நன்றாகவே விற்றது. அதே நிறுவனம்தான் 2008-இல் ஜி.ஓ.ஜி.யைத் தொடங்கியது. அங்கே வாங்கும் விளையாட்டின் முழு இன்ஸ்டாலரையும் இறக்கி, சொந்த ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். பிறகு நிறுவுவதற்கு இணையமோ கணக்கோ கேட்காது. நாளை அந்தக் கடையே மூடினாலும் உங்கள் பிரதி உங்களிடம் இருக்கும். என் கணக்கில் இது ஒரு நல்ல டிஸ்க்கை விடவும் உறுதியான உடைமை, காரணம் இதை எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம்.

உடைமைக்கும் அனுமதிக்கும் இடையிலான இந்த வேறுபாட்டைச் சட்டமும் கவனித்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, பின்னால் பறிக்கப்படக்கூடிய உரிமத்தை மட்டும் விற்கும் கடை, அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. நிரந்தரமாக இறக்கி வைத்து, இணையமில்லாமல் பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. சட்டம் நடப்புக்கு வருவதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் தன் பணம் செலுத்தும் பக்கத்தில், நீங்கள் வாங்குவது உரிமம் என்ற அறிவிப்பைச் சேர்த்துவிட்டது. அடுத்த முறை பணம் கட்டும்போது அதைப் படித்துப் பாருங்கள்.

இவ்வளவு சொன்னதால் ஸ்டீமில் வாங்கவே கூடாது என்று பொருளில்லை. நானும் வாங்குகிறேன். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உறை பிரித்த டிஸ்க்கைப் பெரும்பாலான கடைகளில் இப்படித் திருப்பித் தர முடியாது. விலை ரூபாயிலேயே இருக்கிறது, தள்ளுபடி அடிக்கடி வருகிறது. ஒரே குடும்பத்தில் 6 பேர் வரை விளையாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளவும் வழி உண்டு. அங்கே கிடைக்கும் சில விளையாட்டுகள், ஒருமுறை இறக்கிவிட்டால் ஸ்டீம் இல்லாமலே கூட ஓடும்.

டவுன்லோடின் உண்மையான சுமை வேறு இடத்தில் இருக்கிறது. இன்றைய பெரிய விளையாட்டுகள் 100 ஜி.பி.யைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன. 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டுக்கு 150 ஜி.பி. இடம் வேண்டும். வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்பு முழு வேகத்தில் கிடைத்தால் 100 ஜி.பி. இறங்க இரண்டேகால் மணி நேரம். 40 எம்.பி.பி.எஸ். என்றால் ஐந்தரை மணி நேரம். நாளுக்கு 1.5 ஜி.பி. தரும் மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருப்பவருக்கு அறுபத்தேழு நாட்கள்! அப்படிப்பட்ட வீட்டுக்கு டிஸ்க் நல்ல விடைதான், அதில் விளையாட்டு முழுவதும் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால். லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் யு.எஸ்.பி.யில் செருகும் டிவிடி டிரைவ் தனியாக வாங்க வேண்டும்.

கணக்கோடு பிணைக்கப்படாத டிஸ்க்குக்கு இருக்கும் பெரிய பலம் கை மாறுவது. முடித்ததும் விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம், நண்பனிடம் இரவல் வாங்கலாம். டவுன்லோடில் இது இன்னும் வாய்க்கவில்லை. பயன்படுத்திய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. அதை வைத்து ஸ்டீம் விளையாட்டுகளையும் விற்க உரிமை கேட்டு பிரான்சின் நுகர்வோர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது, 2022-இல் மேல்முறையீட்டில் சங்கம் தோற்றது. கணக்கையே இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதையும் ஸ்டீமின் ஒப்பந்தம் அனுமதிப்பதில்லை. பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல் வைத்திருப்பவருக்கு டிஸ்க் இன்னும் மதிப்புள்ளதாக இருப்பதற்கு இந்த மறுவிற்பனைதான் காரணம். ஆனால் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோலில் டிஸ்க் போட இடமே கிடையாது. 2025-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு விற்கப்படும் சில அட்டைகளில் விளையாட்டு இல்லை, சாவி மட்டும் இருக்கிறது. அதைப் பெட்டியின் முன்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள் என்பது நல்ல விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிஸ்க்கில் உள்ளது வெளியான நாளில் இருந்த வடிவம். அது சில நேரம் குறை, சில நேரம் நிறை. 2020 டிசம்பரில் வந்த 'சைபர்பங்க் 2077' டிஸ்க்கை அப்டேட் இல்லாமல் விளையாடினால் அன்றைய பிழைகள் அத்தனையும் அப்படியே இருக்கும். மாறாக, 2008-இல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4' விளையாட்டின் வானொலியில் ஒலித்த பாடல்கள் பல, இசை உரிமம் பத்தாண்டில் முடிந்ததால், 2018-இல் அப்டேட் வழியாக நீக்கப்பட்டன. பழைய பாட்டோடு அந்த நகரத்தில் சுற்ற வேண்டுமென்றால் அப்டேட் படாத பிரதி வேண்டும்.

அக்கா மகனுக்கு நான் சொன்ன வழி இதுதான். தனியாக விளையாடும் கதை விளையாட்டு, திரும்பத் திரும்ப விளையாடுவாய் என்று தோன்றினால், முதலில் ஜி.ஓ.ஜி.யில் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் ஸ்டீமில் தள்ளுபடி வரும்வரை காத்திரு. விளையாட்டின் பக்கத்தில் வேறு நிறுவனத்தின் கணக்கு கேட்குமா, எப்போதும் இணையம் வேண்டுமா என்பதைப் படி. நண்பர்களோடு ஆன்லைனில் மட்டும் ஆடுவது என்றால், அது சர்வர் இருக்கும் வரைதான் என்று தெரிந்துகொண்டு அதற்குத் தகுந்த விலை கொடு. பெட்டி வாங்கினால் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படிக்காமல் வாங்காதே.

இறக்கி வைத்த இன்ஸ்டாலர்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். டிஸ்க்குகளை ஈரம் படாத இடத்தில், உறைக்குள் செங்குத்தாக நிறுத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வைஃபையை அணைத்துவிட்டு, அவற்றில் ஒன்றையாவது நிறுவி, முதல் கட்டம் வரை விளையாடிப் பாருங்கள்.